பெண் பார்க்கப் போகும் நாளில் பூநாரை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி ஞாயிறு. அப்போது தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத ஆள். அன்று மாலை ஐந்து மணிக்குக் குரோம்பேட்டையில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. காலை ஆராதனை முடிந்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் பூநாரைகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நேரே பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு ரயிலேறினேன்.

மீன்பிடிக்கிற ஒருவர், என் வயதுதான், தன் படகில் கழியூன்றி அழைத்துப் போனார். பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று அவரை அரித்தெடுத்தேன். நாங்கள் நெருங்க நெருங்க அவை தள்ளித் தள்ளிப் போயின.

"சார், தண்ணி வத்திக்கினு கீது. இப்ப திரும்பலேன்னா போட்டு சேத்துல குந்திக்கும்" என்றார்.

ஐந்தே நிமிஷம் என்று கெஞ்சினேன். அது அரை மணியாயிற்று. படகும் அவர் சொன்னபடியே உட்கார்ந்துகொண்டது. இனிமேல் கடல் தண்ணீர் ஏறி வந்தால்தான் நகருமாம், அதற்குச் சாயங்காலம் ஆகுமாம். இறங்கி நடந்துவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

"எறங்காதீங்க சார், இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும்" என்று சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியே போய்விட்டார் மனிதர்.

படகு அசையாமல் கிடந்ததால் பூநாரைகளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. மேய்ந்துகொண்டே பத்தடி தூரம் வரை வந்தன. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வாட்சைப் பார்த்தேன். ரயில் நேரங்களைக் கூட்டிக் கழித்தேன். அம்மாவுக்கு ஒரு பொய், பெண்ணின் அப்பாவுக்கு ஒரு பொய் என்று மனசுக்குள் தயார் செய்தேன்.

பெண் வீட்டை அடையும்போது மணி ஏழு. கரையேறியதில் முழங்கால் வரை சேறு. இரண்டு குடும்பமும் பேச்சு வற்றி உட்கார்ந்திருந்தது. பொய் ஒன்றும் வாயில் வராமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஆரம்பப் பள்ளி டீச்சர். பூநாரை என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"தலையைத் தலைகீழா வச்சுத்தான் சாப்பிடும்னு பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். நிஜமாவே அப்படித்தானா?"

சரியாகப் பார்க்கவில்லை என்றேன்.

"அவ்வளவு கிட்ட வந்துமா?"

அவள் முகத்திலிருந்த ஆசை வடிந்துபோனது. அன்று முழுக்க நான் சரியாகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அந்த வாரமே வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். எல்லாம் அந்தச் சேற்றால் வந்தது என்று அம்மா கடைசி வரை புலம்பினாள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு வேறிடத்தில் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்றும் யாராவது எதிரே உட்கார்ந்து ஆசையாக ஏதோ சொல்லும்போது என் மனம் அடுத்த வேலைக்கு ஓடினால், அந்தப் பெண்ணின் கேள்வி காதில் விழுந்து உள்ளுக்குள் கூசிப்போகிறேன்.