கேஸ்கட்டும் பின்கண்ணாடியும்

தண்ணீர் வாரியத்தின் பம்ப் அறையில் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கும் அந்த மனிதரை, சம்பள நாளில் மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அவர் கேஸ்கட். இரண்டு பொருள் ஒட்டுகிற இடத்தைக் கண்டால் நடுவே ஒரு ரப்பரை வெட்டி வைக்காமல் அவர் கை ஓயாது. வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் வைத்தார். அதைத் திறக்க மனைவி முழங்காலுக்கு நடுவில் டப்பாவை இடுக்கிக்கொண்டு மல்லுக்கட்டுவாள்.

"எறும்பு போகுதா பாரு" என்பார் இவர்.

"நானே போக முடியல. எறும்பு எங்க போறது?" என்பாள் அவள்.

இப்படிப்பட்டவர் கையில் ரிமோட் கார் கிடைத்தால் என்ன ஆகும்? ரோட்டில் ஓடும் ராலி கார், ஒரு முழ நீளம். மனைவியின் தம்பியும் இவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடல்தான் வாங்கினார்கள். மைத்துனன் சலூன் வைத்திருக்கிறான். அன்று சாயங்காலமே அவன் வண்டியை ஓட்டி, சுவரில் மோதி, பம்பரை உடைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். கேஸ்கட் தன் வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். இரண்டரை வருடம் அது மேசையை விட்டு இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

சும்மா வைத்திருந்தார் என்று சொன்னால் பாவம். முதலில் அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கரத்துக்குச் சக்கரம் பேரிங் போட்டார். அடுத்து கை மாற்றினார், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம். பிளாஸ்டிக் போய் அலுமினியம் வந்தது. பிறகு பழைய மோட்டாரைத் தூக்கிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் ஸ்பீடு கண்ட்ரோலர். வேகம் மூன்று மடங்கு என்று அட்டையில் போட்டிருந்தது. ஓட்டிப் பார்க்காததால் அட்டையைத்தான் அடிக்கடி படித்துப் பார்த்துக்கொண்டார்.

வேகம் கூடினால் அடி பலமாக விழும் இல்லையா? ஆகவே பாதுகாப்பு. அடித்தட்டுக்குப் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் சூடுகாட்டிச் சுருக்கினார். மூக்குக்கு ஸ்பான்ஜ் பம்பர். மேல் பாடியின் உள்பக்கம் வலைத்துணி வைத்து செருப்புப் பசை பூசினார். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு, ஈரம் படாமலிருக்க, பலூன் மாட்டினார். கடைசியில் பாடியும் அடித்தட்டும் சேருகிற விளிம்பு முழுக்க மூன்று சுற்று டேப் ஒட்டி, கார் என்பதை ஒரு டப்பாவாக ஆக்கிவிட்டார். பேட்டரி மாற்ற அரை மணி நேரம் உரிக்க வேண்டும். மறுபடி மூட ஒரு மணி நேரம்.

"மாமா, உள்ள காத்து போகணும். பின்கண்ணாடிய வெட்டி விடுங்க. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறோம்" என்று மைத்துனன் சொன்னான்.

"காத்து போனா தூசி போகும்."

"போகட்டுமே."

"உனக்கென்னடா, மயிரு பறக்கிற கடையில உக்காந்திருக்கவன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையிடத்தில் இவர் சொல்வதே வேறு. பம்பின் தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங்கை ஒரேயடியாக இறுக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும், விழாவிட்டால் தண்டு வெந்துவிடும் என்று புது ஆட்களுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுப்பார். அந்த அறிவையெல்லாம் சாயங்காலம் யூனிஃபார்மோடு சேர்த்துக் கழற்றி லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் போலிருக்கிறது.

பின்கண்ணாடியை வெட்டாததற்கு வேறு காரணமும் உண்டு. நிஜக் காரில் பனி போக்க மெல்லிய கம்பிகள் ஓடுமே, அந்தக் கோடுகளை அதில் பேனாவால் வரைந்திருந்தார். பதினாலு கோடு. நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மூடிக் கிடக்கும் சந்தையின் சிமெண்டு முற்றத்தில் பந்தயம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சங்கம். நடத்துகிறவர் ஒரு தபால்காரர். கடிதத்தை விட விதிமுறைகளைத்தான் அதிகம் சுமந்து திரிவார். ஓட்டுகிறவர்கள் நிற்க ஐந்தடி உயரத்தில் ஒரு மேடை இருக்கிறது. சேர்ந்து இரண்டரை வருடத்துக்குள் ஒரு பந்தயத்தையாவது முடிக்காதவர் அதன் பிறகு அந்த மேடையில் ஏற முடியாது. ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வளைவில் நின்று, கவிழ்கிற வண்டிகளைத் திருப்பி வைக்கும் வேலைக்குப் போய்விட வேண்டும். கார் வாங்கிய கையோடு சங்கத்தில் சேர்ந்த கேஸ்கட்டுக்கு அந்தக் கெடுவின் கடைசி ஞாயிறு வந்தது.

தினமும் பதினெட்டுப் படி தரைக்குக் கீழே இறங்கி வேலை பார்க்கிற மனிதர். நாலு பேர் அண்ணாந்து பார்க்க ஒரு தடவையாவது மேலே நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்று மனைவியை வற்புறுத்திக் கூட்டி வந்தார். அவளுக்குப் புரிந்தது.

இருபது ரவுண்டு. கொடி விழுந்ததும் வண்டி பாய்ந்ததைப் பார்த்து மைத்துனன் வாயைப் பிளந்தான். அட்டை பொய் சொல்லவில்லை. கேஸ்கட் ஓட்டியது என்னவோ முட்டைக்கூடை தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரிதான்; வளைவு வந்தால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார். ஆனால் நேர்ப்பாதையில் அந்த மோட்டார் எல்லோரையும் முழுங்கியது. ஒன்பதாவது ரவுண்டில் இரண்டாமிடம். மேடையில் அவர் முதுகு நிமிர்ந்துகொண்டே போனதை மனைவி கீழிருந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவில்கூட அவர் அவ்வளவு நேராக நின்றதில்லை.

பதினோராவது ரவுண்டில் வண்டி நடுவழியில் நின்றது. சூடு தாங்காமல் கண்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. கேஸ்கட் மேடையை விட்டு இறங்கி வந்தார். வளைவில் நின்றவர் வண்டியைத் தூக்கி வந்து கொடுத்தபோது உள்ளே பிளாஸ்டிக் வேகும் வாசனை.

"ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள ரெடி பண்ணி இறக்கிடணும்" என்றார் தபால்காரர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

டேப்பை உரிக்க அரை மணி ஆகும். மைத்துனன் அடுத்த பந்தயத்துக்காகக் காத்திருந்தவன், தன் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து நீட்டினான்.

"மாமா, ஒரு வெட்டு. ரெண்டு விரல் அகலம் போதும்."

"பின்கண்ணாடியையா?"

"பின்ன எதை? இன்னும் ஒன்பது ரவுண்டுதான். காத்து அடிச்சா ஓடிடும்."

"அதுல கோடு இருக்குடா."

"என்ன கோடு?"

"ஹீட்டர் கோடு."

மைத்துனன் அவரை ஒரு நொடி பார்த்தான். "வண்டி உள்ள வெந்துக்கிட்டிருக்கு. நீங்க கண்ணாடிக்கு ஹீட்டர் வச்சிருக்கேங்கிறீங்க."

"ஏங்க, வெட்டுங்க" என்றாள் மனைவி. "வேற பாடி வாங்கிக்கலாம்."

"வேற வாங்கலாம். இது வருமா?"

"அங்க நின்னீங்களே. அது வருமா?"

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு கத்திரியின் நுனியைக் கண்ணாடியில் வைத்தார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நுனி மெதுவாகக் கண்ணாடியை விட்டு விலகி, கீழே இறங்கி, விளிம்பில் டேப்பின் முனையைத் தேடியது. பெயிண்டில் படாமல், ஒரு நூல் அகலத்துக்கு, நிதானமாக உரிக்க ஆரம்பித்தார். தலைமுடி வெட்டுகிறவன் தன் தலையில் அடித்துக்கொண்டான். தபால்காரர் விசில் ஊதியபோது நாலு விரல்கடை டேப் உரிந்திருந்தது.

வண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே மனைவியிடம் காட்டினார். "பாரு, ஒரு கீறல் இல்ல."

அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த மாதம் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது வளைவில் நின்றார். சட்டை இறுக்கமாக இருந்தது. மூன்றாவது ரவுண்டிலேயே மைத்துனனின் வண்டி, ஏற்கெனவே நூறு தடவை அடிபட்டு முகமே இல்லாத வண்டி, குட்டிக்கரணம் போட்டு அவர் காலடியில் மல்லாந்து விழுந்தது. எடுத்தார். திருப்பினார். கீழே வைக்கவில்லை.

"வைங்க மாமா" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

"ஆர்ம்ல விரிசல் விட்டிருக்குடா."

"தெரியும். வைங்க."

"இப்படியே ஓட்டினா சக்கரம் கழண்டுடும்."

"கழண்டா கழலட்டும். ரேஸ் ஓடுது மாமா."

இரண்டு வண்டிகள் அவர் காலுக்கிடையில் சீறிக்கொண்டு போயின. ஏதாவது இடித்துவிடப் போகிறதே என்று மைத்துனனின் வண்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அவர் ஓரமாக நகர்ந்தார். விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலானார். மேடையில் நின்ற ஆறு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.