தில்லையடியில் ஒரு சைவச் சகன்

காலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் நான் ஏறிய கொழும்பு பஸ், பத்தரைக்கு என்னைப் புத்தளத்தில் இறக்கிவிட்டது. பசி வயிற்றைக் கிள்ளியது. எதிரே இருந்த கடையில் மாட்டிறைச்சி ரோல்ஸ் மூன்று வாங்கினேன். மூன்றாவதைக் கடித்தபடியே ஓர் ஓட்டோவை மறித்தேன். சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும்.

"தில்லையடிக்கு எவ்வளவு?"

"இருநூறு தாங்க. ஆறுதலாச் சாப்புட்டுட்டு ஏறுங்க தம்பி, அவசரமில்ல."

அவசரம் எனக்குத்தான். இன்னும் மூன்று கிலோமீட்டருக்குள் நான் சைவமாகிவிட வேண்டும்.

இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மலேசியாவில் ஒரே வீட்டில் தங்கிப் படிக்கிறோம் நாங்கள் நாலு பேர்: நான், தில்லையடி நிஸ்தார், ஒரு சூடான்காரன், ஒரு பங்களாதேஷ்காரன். வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் மூவரும் ஒரே பெரிய தட்டில் சோற்றைக் கொட்டிச் சுற்றியிருந்து உண்பார்கள். முதல் வெள்ளியே என்னையும் கூப்பிட்டார்கள். பிறர் கை பட்ட சோறு எனக்கு அருவருப்பு. அதைச் சொல்ல வாய் வராமல், "நான் சைவம்" என்றேன். அன்றிலிருந்து இரண்டு வருடமாக நிஸ்தார் எனக்கென்று தனிச் சட்டி வைத்து மரக்கறி சமைக்கிறான். நானோ வெளிக்கடைகளில் கோழியும் மாடும் தின்று, வாய் கொப்பளித்துவிட்டு வீடு திரும்புகிறேன். இப்போது விடுமுறையில் அவன் வீட்டில் எனக்கு விருந்து.

பதினொரு மணிக்கு வாசலில் இறங்கிக் காசை நீட்டினேன். சாரதி வாங்கவில்லை. வெளியே வந்த நிஸ்தார் சிரித்தான்.

"மாமாட ஓட்டோலயா வந்த? இவர் எங்கட உம்மாட தம்பிடா!"

ரோல்ஸ் சுற்றிய கடதாசியைப் பைக்குள் திணித்தேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

ஒன்றரைக்குப் பாயில் சகன் வந்தது. ஆறு பேர்வரை சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு அது. எனக்கு மட்டும் தனிப் பீங்கான் தட்டு தருவார்கள் என்று நம்பியிருந்தேன். நிஸ்தாரின் உம்மா கதவோரம் நின்று சொன்னார்:

"ஒண்டும் யோசிக்க வேணாம் மகன். சகன் முழுக்க மரக்கறிதான், சட்டியெல்லாம் புதுசு. நீங்க தனிய இருந்து சாப்புடுறதுக்கு எங்களுக்கு மனசில்ல."

பள்ளிவாசல்துறையில் வள்ளம் வைத்திருக்கும் நிஸ்தாரின் வாப்பா, மீனில்லாமல் சோறு இறங்காத மனிதர், எனக்காகப் பூசணிக்காயைப் பிசைந்துகொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு வருடம் மறைத்தவன் நான். பக்கத்தில் இருந்த மாமா முந்திரிக் கஜுக்கறியை என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் விரல் பட்ட சோற்றைத்தான் அள்ளினேன். அருவருப்பு வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

நாலு மணிக்கு அவரே என்னைப் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்.

"நிஸ்தாரிட்ட உண்மையைச் சொல்லப்போறன், மாமா."

"சொல்லுங்க. எங்கட ராத்தாட்ட, அவன்ட உம்மாட்ட மட்டும் வேணாம். மூணு நாளா மீன் சட்டி அடுப்பில ஏத்தல்ல அவ."

பஸ் அனுராதபுரம் தாண்டும்வரை என் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். போன வருடம் நிஸ்தார் அங்கே வந்திருந்தான். என் பொய்க்கு வசதியாக, வீட்டில் சைவமாக இருக்கும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் அழைத்தேன். எங்களுக்கெல்லாம் பீங்கான், அவனுக்கு மட்டும் அம்மா வாழையிலை போட்டார். பீங்கானென்றால் கழுவி மறுபடி அதில் நாங்கள் சாப்பிட வேண்டும், இலையை எறிந்துவிடலாம். "விருந்தாளிக்கு இலைதான் மரியாதை" என்று அவனுக்கு விளக்கியவன் நான். அவன் பூரித்துப்போய்ப் படம் எடுத்தான். அது மலேசியாவில் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ரோல்ஸ் கதையை அவனிடம் சொல்லிவிடுவேன். அந்த இலையின் கதையை எந்த முகத்தோடு சொல்வேன்?