தூர்ந்த கிணறுகள்

படிப்பை முடித்து உத்தியோகத்துக்குக் காத்திருந்த காலம். சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் ஐயா வாங்கிப்போட்ட காணியைப் பார்த்துக்கொள்ள நானாகவே புறப்பட்டுப் போனேன். மாரியில் அங்கே நிலம் எது நீர் எது என்று தெரியாது. கோரைச் சேற்றில் தாராப் பறவைகள் கூட்டமாக வந்திறங்கும். வெயில் ஏறிச் சேறு வெடித்து உப்புப் பூத்ததும் போய்விடும். மனிதரும் அப்படித்தான் வந்து போயிருக்கிறார்கள். மேட்டில் கிளறிய இடமெல்லாம் உடைந்த பானை ஓடுகள். பற்றைப் புதர்களுக்குள் தூர்ந்த கிணறுகள். ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள்? கண்டுபிடித்தே தீருவது என்று துடித்தேன். சொன்னால் கேட்கத்தான் ஆளில்லை.

கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு குடும்பம். வலிகாமத்தில் காணி போதாமல் புதிதாக வந்து மிளகாய் நட்ட ஓர் அண்ணையும் அவர் மனைவி அக்காவும். மிளகாய் பிழைத்தால் அவர்கள் இருப்பார்கள். எனக்கும் பேச்சுத்துணை இருக்கும்.

பங்குனியில் அவர்களது கிணறு வற்றியது. அண்ணை மண்வெட்டியோடு இறங்கினார்.

"எங்கடை ஊரிலை ரெண்டு முழம் இறக்கினால் ஊத்துத் திறக்கும். தம்பி, ஓடு பொறுக்கினது போதும், மண் கடகத்தைப் பிடியுங்கோ!"

"பாத்துத் தம்பி," என்றார் அக்கா. "மனிசன் உள்ளுக்கை நிக்குது. மண்ணைக் கொட்டி மூடிப்போடாதேங்கோ."

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. முதலில் இனிக்கவும் செய்தது. அண்ணை ஆசை தீர இறைத்தார். நாலைந்து நாளில் மிளகாய் இலைகள் நுனி கருகின. அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார்.

"கடலையெல்லோ வெட்டி எடுத்திருக்கிறியள்!"

அண்ணை வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் ஊரில் கல்லைக் குடைந்து ஆழம் போகலாம். இங்கேயோ மழைநீர் உப்புநீரின்மேல் பாலாடைபோலக் கிடக்கிறது. மேலாக அள்ளினால்தான் உண்டு. முன்பு வந்தவர்களும் இப்படித்தான் வெட்டிக் கெடுத்து, விட்டுப் போயிருக்கவேண்டும். கண்டுபிடித்துவிட்டேன்! சொல்லலாமென்று ஓடினேன். அண்ணை வண்டியில் சட்டிபானை ஏற்றிக்கொண்டிருந்தார். பாயைச் சுருட்டிக் கொடுத்தேன்.

வண்டியோடு ஒழுங்கைப் பாதை முடியுமட்டும் நடந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"தனியக் கிடந்து கதைக்க மறந்து போடாதேங்கோ, தம்பி."

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு, அடுத்த வாரம் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகும்வரை நான் வாய்விட்டு ஒரு சொல்லும் பேசவில்லை.