பிலிப் பாஸ் போட்ட கிளட்ச் பிளேட்

ஹாலிஎல பெட்ரோல் ஷெட்டில் என் ஆட்டோவுக்குப் பெட்ரோல் அடிக்க நின்றபோது செய்தி வந்தது. பம்ப் அடிப்பவர் மூடியைத் திறந்துகொண்டே, "பிலிப் பாஸ் போயிட்டாரு மாஸ்டர். விடியக்காலையில நெஞ்சு வலியாம்" என்றார். நான், "அப்படியா, டேங்க் நிறைய அடிங்க" என்றேன். பாடசாலைக்குப் போய் மூன்று வகுப்புகளுக்கு விஞ்ஞானம் நடத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அழுகை அன்று வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்காக இதை எழுதும் இன்றும் வரவில்லை.

நம் ஊர் ஆட்டோக்காரர்களுக்கு அவருடைய கராஜைத் தெரியாமல் இருக்காது. "கிளட்ச் போயிருச்சு பாஸ்" என்று யாராவது போய் நின்றால் அவர் ஸ்பேனரைத் தொடமாட்டார். "நோய்க்குப் பேரு வைக்காதீங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். சத்தம் நிற்கும்போது வருகிறதா, ஓடும்போதா? லீவரைப் பிடித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. போய் ஒரு சுற்று ஓட்டிக் கேட்டுவிட்டு வரச் சொல்வார். பல நேரம் கேபிள்தான் தளர்ந்திருக்கும். அதை இறுக்கிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டுவார்.

ரிவர்ஸ் விழவில்லை, கியர் பல் கடிக்கிறது என்று ஆட்டோ ஸ்டேண்டிலிருந்து செல்வம் மாதம் ஒருமுறை வருவார். வண்டியில் ஒரு குறையும் இருக்காது. உருளுகிற வண்டி நிற்குமுன்னே ரிவர்ஸ் லீவரை இழுக்கிற அவசரம்தான் குறை. பிலிப் அவரை வண்டியில் உட்காரவைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டு இழுக்கச் சொன்னார். "வண்டி நின்னுருச்சுன்னு ஒங்களுக்குத் தோணுனா பத்தாது, செல்வம். வண்டி நிக்கணும்." இன்றும் ஸ்டேண்டில் ரிவர்ஸ் போடுமுன் உதடு அசைகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இனிச் சொல்லப்போவது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன் என் ஆட்டோவுக்கு அவர் புதிய கிளட்ச் பிளேட் போட்டார். அடுத்த மாதம் மச்சான் தன் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த என்ஜின் எண்ணெயைக் கொடுத்தார். விலை உயர்ந்த எண்ணெய், நல்லதாகத்தான் இருக்கும் என்று நானே பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். காரின் கிளட்ச் எண்ணெய் படாமல் தனியாக இருக்கிறது. ஆட்டோவின் கிளட்சோ என்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பது. கார் எண்ணெயின் வழுவழுப்பில் அந்தப் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். உராய்வைப் பற்றி வருடந்தோறும் பாடம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை.

பாடசாலை ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் ஏற்ற வேண்டும். ரிவர்ஸ் போட்டேன். என்ஜின் கத்தியது, கிளட்ச் கீச்சிட்டது, வண்டி ஏறாமல் உருண்டு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டது. உள்ளே இருந்த இரண்டு டீச்சர்மார் இறங்கித் தள்ளினார்கள். பிள்ளைகள் மதில் மேல் நின்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் கராஜில் ஸ்டேண்ட் ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால், "புதுசுன்னு சொல்லிப் பழைய பிளேட்டைப் போட்டு ஏமாத்திட்டீங்களே" என்று கத்தினேன். பிலிப் எண்ணெயை வடித்தார். அவர் எப்போதும் ஊற்றுவது சிவப்பு எண்ணெய். தட்டில் விழுந்தது மஞ்சள். அவர் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்ணெய் மாத்துனீங்களா மாஸ்டர்?"

"இல்லையே. நீங்க ஊத்துனதுதான்."

தட்டை ஒரு சாக்கால் மூடினார். எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்ப என் வேலைதான் பிழையாப் போயிருச்சு. வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்.

ஊரில் பேச்சு பரவ எத்தனை நேரம் வேண்டும்! பிலிப் பாஸ் கிளட்ச் வேலையில் கோட்டை விட்டுவிடுவார் என்றார்கள். பெரிய வேலைகளுக்கு வண்டிகள் பதுளைக்குப் போகத் தொடங்கின. அந்தப் பேச்சு நடந்த இடங்களில் நானும் இருந்தேன். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

சில மாதம் கழித்து, ஆளில்லாத நேரத்தில் அவரே சொன்னார்: "காருக்கு ஊத்துறத இதுக்கு ஊத்தாதீங்க மாஸ்டர்." ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "ஸ்டேண்டுல உள்ளவங்க புள்ளைக எல்லாம் ஒங்கக்கிட்டதானே படிக்குது. எம் புள்ள மெர்சியுந்தான். வாத்தியாரு பொய் சொன்னாருன்னு வீட்டுல பேசுனா, புள்ளைக என்னத்தக் கேக்கும் ஒங்கக்கிட்ட?" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "மழை வரும்போல" என்று சொல்லிவிட்டு வந்தேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், "தங்கமான மனுஷன், கிளட்ச் வேல மட்டுந்தான் கொஞ்சம் முன்னப்பின்ன" என்றார். நான் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் மெர்சி வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "அந்தக் கிளட்ச் விஷயத்த மட்டும் எழுதிறாதீங்க சேர். கைப்பிழை எல்லாருக்கும் வர்றதுதானே."

அவரிடமிருந்து நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த ஒரு பழிதான். அது என்னுடையது. ஆறு வருடம் அவர் பெயரில் கிடந்தது. நீ கேட்டதை மீறிவிட்டேன், மெர்சி. பூசைக்கு வருகிறவர்களின் கைக்குப் போகுமுன் நீ இதை முதலில் படிக்க வேண்டும். உன் அப்பா போட்ட பிளேட் புதியது. சரியாகத்தான் போட்டிருந்தார்.