ஏகாம்பரம் பேர் எழுதிய பெட்டி

எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் இருந்தது. இருமுகிற ஆள், பக்கத்தில் சிரிக்கிற டாக்டர், கீழே தெலுங்கில் கொட்டை எழுத்து: டி.பி.யை ஒழிப்போம். ஒவ்வொரு மார்ச் மாதமும் டி.பி. தினம் வந்தால் அதற்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த ஆள் மட்டும் இருமிக்கொண்டே இருப்பான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் கிரண்குமார். பாகாலா பக்கம் அந்த ஆஸ்பத்திரியில், சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமி இருக்கிறதா இல்லையா என்று எழுதுகிற வேலை எனக்கு. இங்கே சொல்லப்போவது புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் மிஷன் காலனியில் இருந்த ஜெபமணியக்காவைப் பற்றி. என் பங்கும் வரும். வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் புருஷன் சுந்தர்சிங் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர். எண்பத்தாறில் அவருக்கு டி.பி. வந்தது. அப்போதெல்லாம் ஒரு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முழுங்கினானா என்று கேட்க நாதி கிடையாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. மனுஷன் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துவிட்டார். அடுத்த வருஷம் அவரை அடக்கம் செய்த பிறகு, சத்தம் சரியில்லை என்று ஆர்மோனியத்தைப் பிரித்தால், உள்ளே பொட்டலம் பொட்டலமாக மாத்திரை.

"மாத்திர துன்னா வாந்தி வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கிரணு, கஞ்சி காச்சிக் குடுத்திருப்பேனே" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். செத்துப்போன ஆள்மேல் அவளுக்குக் கோபம் ஆறவேயில்லை.

பிறகு புதுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவன் பேர் எழுதிய ஒரு பெட்டி, ஆறு மாத மருந்தும் அதற்குள். ஊரில் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கும். நோயாளி அவர் கண்முன்னால் மாத்திரையை முழுங்க வேண்டும், அவர் கார்டில் ஒரு கோடு போட வேண்டும். காலனிக்கு அந்த ஆள் ஜெபமணியக்கா. பின் மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் பார்த்தால் போதும் என்றது விதி. அவள் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பார்ப்பாள். சர்ச்சுக்கென்று வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசியில் பாஸ்டரிடம் சண்டை போட்டு ஒரு பங்கு வாங்கிவிடுவாள். முதலில் கஞ்சி, அப்புறம் மாத்திரை, அப்புறம் "ஆ காட்டு." நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, வாய் காலி என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுப்பாள்.

நாடு முன்னேறுகிறது என்று டி.வி.யில் ஓயாமல் சொன்ன வருஷங்கள் அவை. எங்கள் பக்கம் போர்க்கிணறு வறண்டு கரும்பு காய்ந்து, காலனியில் பாதி வீட்டுக்குப் பூட்டு. பெங்களூரில் மாடி மாடியாக எழும்பிக்கொண்டிருந்தது. கல் சுமந்தது எங்கள் ஆட்கள். ஏகாம்பரத்துக்கு முப்பது வயசிருக்கும். கரும்பு வெட்டப் போகிறவன். இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை தின்றான், எடை கூடியது. மேஸ்திரியின் வேன் வந்தது, ஏறிவிட்டான். இன்னும் நாலு மாத மருந்து பெட்டியில் இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவன் பெண்டாட்டி பாப்பாத்தி வந்து மணையில் உட்கார்ந்தாள்.

"குடுக்கா, நான் முழுங்கிட்றேன்."

"உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

"போன வருசம் அவுரு காய்ச்சல்ல கெடந்தப்போ வேண்டிக்கினு நான்தானே அலிபிரிலேர்ந்து நடந்து மல ஏறுனேன்? முடியும் நான்தானே குடுத்தேன்? சாமி ஏத்துக்கிச்சி. இதையும் அவுருக்கு பதிலா நானே முழுங்கிட்றேன். அவுரு பேர்ல கோடு நிக்கக் கூடாதுக்கா."

அக்கா பெட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கன்னாபின்னாவென்று திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அவளுக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். இதை என்னிடம் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அக்கா சும்மா இருக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் நின்று மேஸ்திரியைப் பிடித்தாள். ஏகாம்பரம் வேலை செய்கிற இடத்தில் சமைக்கிற ரத்னம்மா நம் பக்கத்துக்காரி, அவள் கண்முன்னால் முழுங்கவைக்க ஒத்துக்கொண்டாள். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போனால் போதும், மருந்து அங்கேயே கிடைக்கும். கடிதத்தை நானே எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டியவர் எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி.

அவர் போடவில்லை. வேறு ஊருக்கு அனுப்பிய நோயாளி எங்கள் கணக்கில் குணமானவனாக வரமாட்டான். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமாக வேண்டும் என்பது டார்கெட். எங்களுக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது. கடிதம் அவர் மேஜையில் நாலு மாதம் தூங்கியது. அக்கா மூன்று தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். விழிப்புணர்வு ஊர்வலத்துக்குத் தொப்பி எண்ணிக்கொண்டிருந்தாராம், அப்புறம் வா என்றாராம்.

மருந்து முடிய வேண்டிய வாரம் அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவிடம் கார்டை வாங்கி, காலியாக இருந்த கட்டங்களைக் காட்டி, கோடு போடு என்றார்.

"அவன் வாய நான் பாக்கல சார். போட மாட்டேன்" என்றாள் அக்கா.

அவர் கார்டை என் பக்கம் தள்ளினார். "ராசேய் பாபு" என்றார். எழுதிப் போடு தம்பி, அவ்வளவுதான்.

எழுதினேன். ஐம்பத்து நாலு கோடு, ஒரே பேனா, ஒரே மூச்சு. ரிஜிஸ்டரில், நான் பார்க்காத சளிக்கு, கிருமி இல்லை என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பாப்பாத்தியாவது மாத்திரையைத் தன் வயிற்றில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். நாங்கள் காகிதத்துக்கு ஊட்டினோம். அந்த மார்ச்சில் அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார்கள், எங்களுக்குத் தொப்பி கொடுத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஏகாம்பரம் ரத்த வாந்தியோடு வந்து இறங்கினான். அக்காவும் பாப்பாத்தியும் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், எண்ண முடியாத அளவு கிருமி. முதலிலிருந்து ஆரம்பித்தோம், ஊசியும் சேர்த்து. அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். அவனுக்குக் கஞ்சியே இறங்கவில்லை. ஆறாவது வாரம் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஜெபமணியக்கா என் அறைக்கு வந்தாள். ரிஜிஸ்டரோடு கட்டியிருந்த பழைய கார்டைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தாள். நான் என்னென்னவோ சொன்னேன், அதிகாரி என்றேன், வேலை என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்டை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் முழுங்கல. அவன் பொண்டாட்டிய நான் முழுங்க வுடல. கோடு மட்டும் கீது. அப்போ இத்தினி மாத்திரயும் யாரு முழுங்குனது நைனா?"

"ஆ காட்டு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.