நீல வெளிச்சமும் வெள்ளை டேப்பும்

என் நண்பன் அன்ரனின் வாடகைக் காரில் இருந்த என்ஜின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதைக் கழற்றிவிட்டு, அதே வட்டத்துக்குள் நீல வெளிச்சம் எரியும் புது மீற்றரைப் பொருத்தியவன் நான். அழகு பார்க்கிற ஆசை எனக்குத்தான், அவனுக்கில்லை.

என்ஜினில் அந்த மீற்றருக்கான புதுச் சென்சரைப் பூட்டும்போது, தண்ணீர் கசியாமலிருக்க அதன் மரையில் குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டேப்பை இறுக்கிச் சுற்றினேன்.

மறுநாளே அன்ரன் கேட்டான். "மச்சான், முள்ளு அசையுதே இல்லை?"

"உன்ர என்ஜின் அவ்வளவு குளிர்ச்சி. பேசாமல் ஓடு."

அடுத்த கிழமை கண்டிக்கு ஆட்களை ஏற்றிப் போகையில், கந்தளாய்க்குக் கிட்ட ரேடியேற்றர் ஒழுகி, சூடேறி என்ஜின் இறுகிப்போனது. முள் கடைசிவரை கீழேயே கிடந்ததாம்.

நான் போய்ச் சென்சரைக் கழற்றினேன். இரும்பில் இரும்பு தொட இடமில்லாமல் டேப் மூடியிருந்தது. சென்சரின் மின்சாரம் என்ஜின் இரும்பு வழியாகத்தான் திரும்பும்; பிறகெப்படி எர்த் கிடைக்கும், முள் எப்படி ஏறும்? அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீதியோரத்தில் குந்தியிருந்த அன்ரன் சொன்னான். "எரிஞ்ச மணம் வந்தது மச்சான். முள்ளை நம்பி ஓடிட்டன். என்ர பிழைதான்."

டேப்பை உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். "ஓம், நீ நிப்பாட்டியிருக்க வேணும்."

காரை அவன் பழைய இரும்புக்குக் கொடுத்தான். இப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறான். அங்கே வரும் லொறிக்காரரிடம், "மணம் வந்தால் நிப்பாட்டுங்கோ, நான் விட்ட பிழையை விடாதேங்கோ" என்பான். அவனைப் பார்க்கப் போகும் நாட்களில் பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். கார் போனதைக்கூட என்றைக்காவது மறந்துவிடலாம். என் தலை ஆடுவதை மறக்க ஏலாது.