கன்ட்ரி பாடகிக்கு ஒரு பொன்னாடை

போன வருடம் இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரொறன்ரோ நகர மத்தியில் உள்ள ஒரு பழைய சிறிய அரங்கில் இது நடந்தது. என் மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அவளை வெளியே கொண்டுபோவதென்றாலே எனக்குப் பதற்றம். தொப்பி போட்டால் வியர்க்குமோ, போடாவிட்டால் சளி பிடிக்குமோ, சளி பிடித்தால் என்னைத்தான் குறை சொல்வார்களோ என்று எதையும் திருப்பித் திருப்பி யோசித்து, கடைசியில் மாற்றிச் செய்கிறவள் நான். அப்படிப்பட்ட நான் கைக்குழந்தையையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் இருக்கும் அஜக்ஸிலிருந்து ரெயின் ஏறிப் போனது, கன்ட்ரி என்கிற மேற்கத்திய நாட்டுப்புற இசைப் பாடகி ஒருவரின் கடைசிக் கச்சேரிக்கு.

யாழ்ப்பாணத்து அப்பாவுக்கும் கன்ட்ரி பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா அகதியாகக் கனடா வந்தார். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், தன்னைப் போன்ற இளைஞர்களோடு ஒரே அறையில் படுத்தெழும்பி, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு மதுச்சாலையில் கோப்பை கழுவினார். அங்கே பின்னேரங்களில் ஒரு பெண் கிட்டாரோடு வந்து பாடுவார். கனடாவின் கிழக்குக் கரையில் ஏதோ மீன்பிடி ஊரிலிருந்து பாட்டை நம்பி வந்தவர். அப்போது அவரையும் ஒருவருக்கும் தெரியாது.

அப்பா அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. சமையலறைக் கதவு ஆடும்போது காலில் போட்ட சப்பாத்தும் கிட்டாரின் கழுத்தும் மட்டும் தெரியுமாம். ஆனால் ஒரு பாட்டு இருந்தது. தூர இடத்துக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய மெதுவான பாட்டு. அப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. சமையற்காரரிடம் கேட்டுத்தான் பொருளைத் தெரிந்துகொண்டாராம். அதன் பிறகு அந்தப் பாட்டு தொடங்கியதும் அப்பாவோடு சேர்த்துக் கோப்பை கழுவும் எங்கள் ஆட்கள் மூன்று பேரும் தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார்களாம். முதலாளி கத்தினாலும் பாட்டு முடிந்த பிறகுதான் பைப் திறக்கும்.

இந்தக் கதையை அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா விடமாட்டார். "எங்களை அங்க செல்லும் குண்டும் விழுற இடத்தில விட்டிட்டு, இவர் இஞ்ச பைப்பை மூடிப்போட்டுப் பாட்டுக் கேட்டவர்" என்பார்.

அம்மாவும் நானும் கனடா வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்குள் அந்தப் பாடகி பெரிய ஆளாகிவிட்டார். அந்தப் பாட்டு நாடு முழுக்க வானொலிகளில் போனது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப்போகும் அப்பாவின் பழைய வான் வண்டியில் அந்தப் பாடகியின் கசற் ஓடும். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் சினிமாப் பாட்டுப் போடும்போது எங்கள் வானுக்குள் மட்டும் குதிரையும் தூசித் தெருவும். கசற் தேய்ந்து, சீடி வந்து, அதுவும் போனது. வானொலிகளும் புதிய பாடகர்களிடம் போய்விட்டன. அவர் ஊர்ச் சந்தைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பாடுவதாக அப்பா எங்காவது வாசித்துவிட்டு வந்து சொல்வார், ஒரு சொந்தக்காரரின் சுகம் சொல்வதுபோல.

அவர் இனிப் பாடப்போவதில்லை, இதுதான் கடைசிச் சுற்று என்ற செய்தியை அப்பாவுக்குக் காட்டியதே நான்தான். பார்த்த அவர், அடுத்த நாள் ஸ்காபுரோவில் ஒரு புடவைக் கடைக்குப் போய், தங்கக்கரை வைத்த பொன்னாடை ஒன்றோடு வந்தார்.

"உது ஆருக்கு?" என்றார் அம்மா.

"அவவுக்குத்தான். எங்கட ஆக்கள் ஒரு பாட்டுக்காரரை வெறுங்கையோட அனுப்பிறேல்லை."

"கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்கு முகம் துடைக்க ஒரு கைலேஞ்சி வாங்கித் தரேல்லை. வெள்ளைக்காரிக்குப் பொன்னாடை!"

எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. எங்கள் விழாக்களில் யாரும் எழும்பிப் போய்ப் பொன்னாடை போர்த்தலாம். ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு வார்த்தையும் பேசலாம். இந்த ஊர் அரங்குகளில் மேடைப் பக்கம் போனாலே காவலர் வருவார். அப்பாவைத் தோளில் பிடித்துத் திருப்பி அனுப்பினால்? எல்லாரும் பார்த்துச் சிரித்தால்? அரங்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பார்வையாளர்கள் மேடைக்கு வர அனுமதி இல்லை, பரிசு இருந்தால் வாசல் மேசையில் வைக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"மேசையில வைக்கிறதுக்கு உது என்ன பார்சலோ? கையால போர்த்தினால்தான் பிள்ளை அது பொன்னாடை. இல்லாட்டி வெறும் துணி."

அதற்கு மேல் அவர் கெஞ்சவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கு நினைவு தெரிய அப்பா தனக்காக ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயம் இது.

கச்சேரி நாளில் என் கணவருக்கு வேலை. அம்மாவுக்கு முழங்கால் நோ. மகள் போத்தலில் பால் குடிக்கமாட்டாள். ஆகவே அவளும் வந்தாள், காதுக்கு நான் வாங்கிய சத்தம் குறைக்கும் மூடியோடு. அப்பா கோட், சூட், கழுத்துப்பட்டி என்று மாப்பிள்ளைத் தோழன்போல வந்தார். அரங்கு நிறைய நரைத்த தலைகளும் அகலத் தொப்பிகளும். எங்கள் நிறத்தில் நாங்கள் மூவர்தான்.

பாடகி மெதுவாகத்தான் நடந்து வந்தார். குரல் தடித்திருந்தது; மேல் சுருதி வரும் இடங்களில் பாடாமல் பேசிக் கடந்தார். பாட்டுகளுக்கு நடுவே தன் கதையையும் சொன்னார். பஸ்ஸில் நாடு முழுக்கத் திரிந்தது, குளிரில் கிட்டார் வெடித்தது, இரண்டு கணவர்மார் விட்டுப்போனது. கிட்டார் மட்டும்தான் ஜீவனாம்சம் கேட்காமல் கூட இருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பொன்னாடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுதாகப் பார்க்கிறார்.

இடைவேளைக்குச் சற்று முன் மகள் சிணுங்கினாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் எழும்பிவிட்டேன். "என்ர பையை எடுத்துத் தாங்கோ அப்பா" என்று மெதுவாகச் சொல்லி, இருட்டில் அவர் தந்ததை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பெண்கள் கழிப்பறைக்குப் போகும் நடையில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்ததும் மகள் குடித்த பால் முழுவதையும் தன் மேலேயே கக்கினாள். ஈர உடுப்பைக் கழற்றிவிட்டுப் பையைத் திறந்தால் உள்ளே பொன்னாடை. பாட்டில் ஆழ்ந்திருந்த அப்பா தன் பையைத் தந்துவிட்டார். மாற்று உடுப்பு, துவாய், என் கோட் எல்லாம் ஆசனத்தடியில்.

வாசல் திறக்கும்போதெல்லாம் குளிர் காற்று வந்தது. பிள்ளை நடுங்கினாள். போர்த்தலாமா, கூடாதா? போர்த்தினால் அப்பா என்ன சொல்வார்? கண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் பொன்னாடையை விரித்துப் பிள்ளையைச் சுற்றினேன். அவள் தங்கக்கரையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது மேடைப் பக்கத்துக் கதவு திறந்தது. இடைவேளை விட்டிருந்தது. அந்தப் பழைய கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை ஒன்றுதான் போலிருக்கிறது. வந்தவர் அந்தப் பாடகியேதான். மகளைப் பார்த்து நின்றார். இன்றைக்கு இங்கே தன்னைவிட நன்றாக உடுத்தியிருப்பது யார் என்று அவளிடம் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்றிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. இது உண்மையில் உங்களுக்கு வாங்கியது, பிள்ளை சத்தி எடுத்துவிட்டாள், எங்கள் வழக்கத்தில் பாடுகிறவர்களுக்குப் போர்த்துவோம், அப்பா அந்த மதுச்சாலையில் கோப்பை கழுவியவர், வாசல் விளக்குப் பாட்டுக்குப் பைப்பை மூடிவிட்டு நிற்பார்களாம்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சமையலறை ஆட்கள் ஒருவரையும் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு அப்பா எந்த வரிசையில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். கோபமா? இப்படியா ஒரு பெரிய பாடகியை மறித்து வைத்துக் கதைப்பது என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அப்பாவிடம் பொன்னாடையைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். விரித்துப் பார்த்தார். ஒரு கரையில் ஈரம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பால்தானே," என்று சொல்லிவிட்டுப் பழையபடி மடித்தார். "இனி எப்பிடியும் குடுக்கப்போறதில்லை."

கடைசிப் பாட்டு அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கிட்டாரைத் தொட்டதும் கை தட்டினார்கள். ஆனால் அவர் பாடவில்லை. தான் தொடங்கிய காலத்தில் பாடிய ஒரு மதுச்சாலையைப் பற்றிச் சொன்னார். அங்கே குடிக்கிறவர்கள் கதைத்துக்கொண்டே இருப்பார்களாம்; எந்தப் பாட்டுக்கும் பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்குமாம். இந்த மெதுவான பாட்டை எடுத்துவிடு, வியாபாரம் படுக்கிறது என்று முதலாளி சொல்லியிருந்தாராம். ஆனால் இதைப் பாடும்போது மட்டும் சமையலறைச் சத்தம் நின்றுவிடும். ஏனென்று தெரியாது. அந்தக் கட்டடத்தில் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான் இதை விடாமல் பாடினேன் என்றார். "யார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அப்பா எழும்பவில்லை. அவருக்கு விளங்கவில்லையோ, நம்பமுடியவில்லையோ.

"அப்பா, உங்களைத்தான். போங்கோ."

"நானோ?"

"ஓம் அப்பா, நீங்கள்தான்."

காவலர்தான் அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டார். அப்பா பொன்னாடையைப் போர்த்தினார். பாடகிக்கு அது பழக்கம் இல்லை. அதைக் கழுத்தில் சுற்றப் பார்த்தார். அப்பா பொறுமையாக எடுத்து, இரண்டு தோளிலும் சரியாக விழவைத்து, முன்பக்கத்தை நீவிவிட்டுக் கைகூப்பினார். யாரும் சிரிக்கவில்லை. எழும்பி நின்று தட்டினார்கள். ஒலிவாங்கியைப் பாடகி அப்பா பக்கம் திருப்பியபோது, இனிப் பேச்சுத் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா ஒரே ஒரு வசனம்தான் ஆங்கிலத்தில் சொன்னார். "நான் மட்டும் இல்லை, அங்கே நாங்கள் மூன்று பேர்."

அந்தப் பொன்னாடையோடேயே அவர் பாடினார். பாதியில் மகள் ஏதோ சத்தம் போட்டாள். நான் பழக்கதோஷத்தில் எழும்பப் பார்த்தேன். பிறகு எழும்பவில்லை. அவளும் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ரெயினில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிக்கரிங் நிலையம் தாண்டியதும், "அவவுக்குக் கேட்டிருக்குப் பிள்ளை," என்றார். "மற்ற ரெண்டு பேரும் இப்ப இல்லை. இருந்தால் ஃபோன் எடுத்துச் சொல்லியிருப்பன்."

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா, "என்ன, போர்த்தியாச்சோ உங்கட அம்மணிக்கு?" என்று கேட்டார். அப்பா தன் கோட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போர்த்திவிட்டு உள்ளே போனார். "விசர் மனுசன்" என்றார் அம்மா. ஆனால் கோட்டை உடனே எடுக்கவில்லை.

இப்போதும் பின்னேரங்களில் அப்பா கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டால், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் நான் பைப்பை மூடிவிட்டு நிற்கிறேன். ஒருவர் மனதோடு பாடும்போது கதவுக்குப் பின்னால் நாம் சத்தம் போடாமல் நிற்பதும் அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு இப்போது தெரியும்.